நாய் இருக்கிறது, பயமில்லை என்று தூங்கலாமா?

2022 ஜூலையில் அருப்புக்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதியர் தங்கள் வீட்டுக்குள்ளேயே கொலை செய்யப்பட்டார்கள். அதே மாதம் ராஜபாளையத்திலும் ஒரு முதிய தம்பதியர் அவ்வாறே கொல்லப்பட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் கணவனும் மனைவியும். அந்த வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு உண்டு என்று போலீசார் தெரிவித்தார்கள். 2025 நவம்பரில் மறுபடியும் விருதுநகர் மாவட்டம்: ராஜபாளையம் அருகே தேவதானம் கோயிலில் இரவுக் காவலில் இருந்த இருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்புகிறது. மகன் வெளிநாட்டில், மருமகளும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள், வயதான பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், ஒரு நல்ல சாதி நாயாக வாங்கி வீட்டில் கட்டிவிட்டால் என்ன? வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே யூடியூபில் ராட்வைலர் குட்டி பார்த்து, விலை பேசி, முன்பணமும் அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி வருகிறது.

“ஹஜ்ரத், மகன் சவூதியில இருக்கான். வீட்ல நானும் மருமகளும் ரெண்டு பேத்திங்களும்தான். நாய் வச்சா மலக்குமார்கள் வரமாட்டாங்கன்னு சொல்றாங்க. வைக்கலைன்னா திருடன் வர்றான். நாங்க என்ன செய்ய?” என்று சாத்தூர் பக்கத்து அம்மா ஒருவர் எங்களிடம் கேட்டார். இந்தக் கேள்விக்கு ஹலால், ஹராம் என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த அம்மாவின் பயம் உண்மையானது. சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வளர்ப்பு நாய் உண்மையிலேயே ஒரு மனிதரின் உயிரையும் மானத்தையும் பாதுகாக்குமா?

கரிசல் காட்டுக்கும் நாய்க்கும் உள்ள உறவு

இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. நாட்டு நாய்களில் பேர்போன ராஜபாளையம் இனம் இந்த மண்ணுக்குரியது. 9.1.2005 அன்று அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் பிரதமர் மோடி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டு இனங்களின் பெயர்களைச் சொன்ன பிறகு குட்டிகளின் விலை ஏறியது என்பார்கள் நாய் வளர்ப்போர்.

பெருமை இருக்கட்டும். எந்த நாய் எதற்கு என்பதை நம் முன்னோர் தெளிவாக வைத்திருந்தார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுகிற ஓட்டக்கார நாய்கள். கண்ணால் பார்த்துத் துரத்துவது அவற்றின் வேலை. ராஜபாளையம் பன்றி வேட்டைக்குப் போன நாய். அந்நியரை அண்டவிடாது, ஒரே எஜமானுக்குக் கட்டுப்படும். ஆனால் அந்தத் தூய வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் ஒரு குறை உண்டு. காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் இந்த இனத்தில் அதிகம். வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய காவல் நாய்க்குக் கதவு உடைபடும் சத்தமே கேட்காது என்றால் என்ன செய்வது? வாங்குகிறவர்களில் எத்தனை பேர் குட்டியின் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்கிறார்கள்?

பட்டாசு வட்டாரத்தின் வாழ்க்கை முறையும் நாய் தேடவைக்கிறது. சாத்தூர் அருகே உள்ள அச்சங்குளத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் அறிந்தது 12.2.2021 அன்று அங்குள்ள பட்டாசு ஆலையில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெடிவிபத்தால்தான். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் காலையில் ஆலை வேன் வந்துவிட்டுப் போனால் தெருவே வெறிச்சோடும். கணவனும் மனைவியும் சேர்ந்து வேலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். பகல் முழுக்க வீட்டில் இருப்பது வயோதிகர்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான். பூட்டிய வீட்டின் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

அந்தத் தெம்புக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதக் காதுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெடிச்சத்தம் நமக்கே அதிர்ச்சி என்றால் அதற்கு எப்படி இருக்கும்? வெடி வெடித்தால் கட்டிலுக்கு அடியில் நுழைகிற நாயையும், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி இரண்டு நாள் கழித்து வருகிற நாயையும் சிவகாசி பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான் இங்கே போனஸும் வியாபாரப் பணமும் வீடுகளில் புழங்கும். அதே வாரங்களில்தான் வெடிச்சத்தமும் உச்சத்தில் இருக்கும். காவல் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் காவலாளி நடுங்கிக்கொண்டு மூலையில் கிடப்பான்.

குரைப்பது வேறு, காப்பது வேறு

நாயால் பயனே இல்லை என்று சொல்வது அநியாயம். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறையில் இருந்த 422 திருடர்களிடம், எந்த வீட்டைத் தவிர்ப்பீர்கள் என்று கேட்டு 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எச்சரிக்கை மணி, கேமரா, ஆள் நடமாட்டம் ஆகியவற்றோடு நாயையும் ஒரு காரணமாகப் பலர் சொன்னார்கள். சத்தத்துக்குத் திருடன் பயப்படுகிறான். நாய் எழுப்பினால் வீட்டுக்காரன் எழுவான், பக்கத்து வீட்டு விளக்கு எரியும் என்பதுதான் அந்தப் பயத்தின் உள்ளடக்கம்.

பக்கத்து வீட்டு விளக்கே இல்லாத இடத்தில் அந்தக் குரைப்புக்கு என்ன மதிப்பு? கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் நாய் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. ஆனால் அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். குரைத்தால் வந்து பார்க்க ஆள் வேண்டும். அது இல்லாதபோது நாய் தன் பாட்டுக்குக் குரைக்கும், திருடன் தன் வேலையைப் பார்ப்பான். திட்டம் போட்டு வருகிறவன் நாய்க்கும் சேர்த்தே திட்டம் போடுகிறான். விஷம் தடவிய இறைச்சித் துண்டு ஒன்று போதும். முகம் தெரியாதவர் கையால் எதையும் தின்னாமல் இருக்கப் பழக்கப்பட்ட வீட்டு நாய் நூற்றில் எத்தனை இருக்கும்?

நாய்க்கு அன்பு இருக்கிறதே, எஜமானுக்கு ஆபத்து என்றால் பாய்ந்து வராதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 60 வளர்ப்பு நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2020இல் அதன் முடிவு வெளியானது. எஜமானரை ஒரு பெரிய பெட்டிக்குள் இருக்க வைத்து, காப்பாற்றச் சொல்லிக் கதறச் செய்தார்கள். பெட்டியின் லேசான கதவைத் தள்ளி அவரை விடுவித்த நாய்கள் 20. மூன்றில் ஒரு பங்கு. மற்றவை அன்பில்லாதவை என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பல நாய்களுக்குப் பதற்றம் இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை என்றே விளக்கினார்கள். பயிற்சி இல்லாத அன்பு அப்படித்தான். காவல்துறை நாய்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருவதும், ஒவ்வொரு நாய்க்கும் தனியாக ஒரு கையாளுநரை வைப்பதும் வீண் செலவுக்காக இல்லை.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் பெரிய பங்கு கணவர் மற்றும் கணவரின் உறவினர்கள் செய்யும் கொடுமை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், வேலைக்கு வருகிறவர், வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பவர். இவர்களைப் பார்த்து வீட்டு நாய் குரைக்காது. வாலை ஆட்டும். வாசலில் நாயைக் கட்டிவிட்ட நிம்மதியில், உள்ளே வந்து போகிறவர்களை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்றால், அந்த நாயால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம்.

காவல் நாய் யாரைக் கடிக்கிறது?

5.5.2024 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்கப் போன தாயும் கடிபட்டார். அந்தச் சிறுமி அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 19.8.2025 அன்று சென்னை ஜாஃபர்கான்பேட்டையில் அக்கம்பக்கத்தவர் வளர்த்த பிட்புல் கடித்து 55 வயதானவர் உயிரிழந்தார். நாயைப் பிடித்து இழுக்க முயன்ற உரிமையாளரான பெண்ணையும் அது விடவில்லை. 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கொன்றது வெளியாரின் நாய் கிடையாது. அவர் சோறு போட்டு வளர்த்த, அவருடைய மகனின் பிட்புல். அவர் வீட்டில் தனியாக இருந்த நேரம் அது.

யாருக்குக் காவலாக நாய் வாங்குகிறோம்? வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும். பெரிய இன நாயின் பிடியிலிருந்து தப்ப முடியாதவர்களும் அவர்கள்தான். வளைகுடாவில் இருக்கும் மகன் வலுவான நாயைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறான். அதைக் கையில் பிடிக்க வேண்டியவர் மூட்டுவலிக்கார உம்மா. சங்கிலியை அது ஒரு இழுப்பு இழுத்தால் அவர் கீழே விழுந்து இடுப்பு முறியும். இதைச் சொன்னால் சில பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான், ஆனால் பிடிக்கிற கை யாருடையது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

பட்டாசு வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. தீப்பிடித்தாலும், வெடி வெடித்து யாருக்காவது காயம் என்றாலும், நெஞ்சுவலி என்றாலும் ஓடி வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு இளைஞர். எஜமான் மயங்கிக் கிடக்கிறார், நாய் அவரைச் சுற்றி நின்று உறுமுகிறது என்றால் யார் கிட்டே போவார்கள்? திருடனையும் உதவிக்கு வந்தவனையும் பிரித்தறியப் பயிற்சியில்லாத நாய்க்குத் தெரியாது.

சட்டத்தின் நிலைமையும் இறுகிக்கொண்டே வருகிறது. 12.3.2024 அன்று மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கலந்தாலோசிக்காமல் செய்தது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று ஆக்கி, 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இனங்களைப் புதிதாக வளர்க்கத் தடையும் போட்டது. தெரு நாய் விவகாரத்தை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்து, ஆகஸ்டில் இரண்டு உத்தரவுகளும் நவம்பரில் ஒன்றும் பிறப்பித்தது எல்லோரும் அறிந்ததே. விருதுநகரில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் பொருந்தும். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

மார்க்கம் வைத்திருக்கும் வாசல்

நபி (ஸல்) அவர்கள் வேட்டை, விவசாயம், கால்நடைக் காவல் ஆகிய தேவைகளுக்காக இல்லாமல் நாய் வைத்திருப்பவரின் நன்மைகளிலிருந்து அன்றாடம் ஒரு கீராத் குறையும் என்று எச்சரித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் அது இரண்டு கீராத். ஜனாஸாவில் கலந்துகொள்பவருக்குக் கிடைக்கும் கீராத் உஹது மலை அளவு என்று வருகிறதே, அதே அளவுதான் இங்குமா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். எந்த அளவாக இருந்தாலும், நாள்தோறும் நஷ்டம் என்பது சிறிய விஷயமில்லை. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் ஆதாரப்பூர்வமானதே.

வீட்டுக் காவலுக்கு வைக்கலாமா? ஹதீஸில் சொல்லப்பட்ட மூன்றில் அது நேரடியாக இல்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதில் இரு கருத்துகள் உண்டென்று சொல்லி, தேவை என்ற காரணம் பொதுவாக இருப்பதால் கூடும் என்பதே சரியான கருத்து என்று முடிவு செய்கிறார்கள். ஹனஃபி சட்டத் தொகுப்பான ஃபதாவா ஆலம்கீரியிலும் திருடர் பயம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆக, அந்த அம்மாவின் பயம் உண்மையாக இருக்கும்வரை அவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. காவல் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு கட்டிலில் படுக்கவைத்து, பிறந்தநாள் கொண்டாடி, ரீல்ஸ் எடுப்பதற்கு அந்த வாசல் திறக்கவில்லை.

சுத்தம் பற்றிய சட்டத்தில் மத்ஹப்களுக்குள் வேறுபாடு உண்டு. கரிசல் பக்கத்து ஜமாஅத்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அவர்களிடம் நாயின் எச்சில் அசுத்தம், உலர்ந்த உடல் பட்டதால் மட்டும் ஆடை அசுத்தமாகாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபி சகோதரர்களுக்கு நாய் முழுவதுமே கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். மாலிக் இமாமின் மத்ஹபில் நாயின் உடல் சுத்தமானது. கடற்கரை ஊரில் பெண் எடுத்த கரிசல் வீட்டில் நாய் வந்தால் மருமகள் படும் பாட்டைப் பெரியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் தொழுகிற இடம், துணி காயப்போடும் கொடி, சமையலறை எல்லாமே அவருக்குப் பிரச்சினையாகும். நாய் வாங்கும் முடிவில் அவரைக் கேட்பதே இல்லை.

நாயை வெறுக்க வேண்டும் என்றும் யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்த பாவியான பெண்ணை அல்லாஹ் மன்னித்த செய்தி நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டு வளர்ந்தது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் அப்படியே. காவல் என்ற பெயரில் இருபத்து நான்கு மணி நேரமும் அரை அடிச் சங்கிலியில் வெயிலில் கட்டிப்போடுவது அந்த இரண்டாவது பெண்ணின் வழி. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதைக் குற்றம் என்கிறது. அப்படிக் கட்டிப்போட்ட நாய்தான் மூர்க்கமாகி, ஒருநாள் அவிழ்ந்தபோது ஃபஜ்ருக்குப் போகும் பெரியவரைக் கடிக்கிறது. அண்டை வீட்டார் தன் தொல்லையிலிருந்து அச்சமற்றிருக்காதவர் ஈமான் கொண்டவராக மாட்டார் என்ற நபிமொழி, இருட்டில் பள்ளிக்கு நடக்கிறவர்களின் தெருவில் நாய் வளர்ப்பவருக்கு வேறு எவரையும்விட நெருக்கமானது.

குகைவாசிகளின் நாயைப் பற்றி இளைஞர்கள் சிலர் வாதாடுவார்கள். குர்ஆனிலேயே நல்லோரோடு நாய் வருகிறதே என்பார்கள். வருகிறது, அல்கஹ்ஃப் அத்தியாயத்தில். அந்த நாய் எங்கே இருந்தது? வாசற்படியில், முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு. உள்ளே படுக்கையில் இல்லை. அது குரைத்ததாகவோ யாரையும் கடித்ததாகவோ குர்ஆன் சொல்லவில்லை. அவர்களைப் பார்ப்பவர் அச்சத்தால் நிரம்பித் திரும்பி ஓடும்படியான நிலையை அல்லாஹ்தான் ஏற்படுத்தியிருந்தான்.

அப்படியானால் அந்த அம்மா என்ன செய்வார்?

உண்மையான தேவை இருக்கிறது, வெளியே இடம் இருக்கிறது, வீட்டில் உடல் வலுவுள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் ஒரு நாட்டு நாயை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து. அது மணியடிக்கிற வேலையைச் செய்யட்டும். சண்டை இன நாய்கள் நம் தெருக்களுக்கு வேண்டாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நாய் வேண்டாம். அந்த அம்மாவின் வீட்டில் மூன்றாவது இல்லை. எனவே அவரிடம் வேண்டாம் என்றே சொன்னோம்.

அதற்குப் பதிலாக அவர் வீட்டில் செய்யச் சொன்னவை எல்லாம் நாயைவிடச் செலவு குறைந்தவை. பின்வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு இரும்புக் குறுக்குப் பட்டை. வாசலிலும் கொல்லையிலும் ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு அழைப்பு மணி, அதன் சுவிட்ச் கட்டிலின் தலைமாட்டில். வீட்டில் நகையும் ரொக்கமும் சேர்த்து வைக்காமல் இருப்பது, கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது. மகன் எந்த மாதம் பணம் அனுப்புகிறான் என்பது தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரவில் கதவுகளை அல்லாஹ்வின் பெயர் சொல்லி மூடவும், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடாதபடி விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்த ஒழுங்கு, வீட்டுக் காவலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக ஒரு மார்க்கம் பேசுகிறதே என்று வியக்க வைக்கும். பட்டாசுத் திரியோடு வாழ்கிற வட்டாரத்துக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மஹல்லாவில் ஆண் துணையில்லாமல் இருக்கும் வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை என்பது சந்தாப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். தனி வீடுகளின் பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் ரோந்து போகிறவர்கள் அந்தத் தெருவையும் சேர்த்துக்கொள்வார்கள். சிவகிரி சம்பவத்துக்குப் பிறகு கொங்குப் பகுதியில் போலீசார் தாங்களே தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். அந்தந்தத் தெருவில் இரண்டு இளைஞர்களின் எண்ணை அந்த வீடுகளில் எழுதி ஒட்டிவைக்கலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 ஆகிய எண்களை வயதானவர்களின் போனில் ஒரே பொத்தானில் அழைக்கும்படி பேரப்பிள்ளைகள் பதிந்துகொடுக்கலாம்.

ஏற்கெனவே நாய் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு முக்கியமான சொல். தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள், 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள் என்பது சுகாதாரத் துறையின் கணக்கு. வீட்டு நாய்தானே, லேசான கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டுகிற பழக்கம் நம் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் ஊசி போட்டதும் வலி போய்விட்டது என்று நிறுத்திவிடாமல், சீட்டில் எழுதிக்கொடுத்த நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் நாமே கேட்க வேண்டும். நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போட்டு, அதன் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். கடிபட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தகப்பன் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.